கிளிநொச்சியும் ‘கிலினோக்கி’யும்

(பலெர்மோ வாழ் தமிழ்ப் பெற்றோருக்கும் இளையோருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பலெர்மோவில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலானவற்றில், அலுமாரியின் பூட்டிய தட்டில் ஒரு கோப்பு இருக்கும். வதிவிட அனுமதி, அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்பு, திருமணப் பதிவு ஆகியன அதில் அடங்கும். அவற்றுள் பலவற்றில் ‘பிறந்த இடம்’ என்றொரு வரி உண்டு. இலங்கைக் கடவுச்சீட்டில் ஆங்கில எழுத்துக்கூட்டலின்படி பொறிக்கப்பட்ட ஊர்ப்பெயர், ஓர் எழுத்தும் மாறாமல் இத்தாலிய ஆவணங்களுக்குள் வந்து சேர்ந்திருக்கிறது. எழுத்து மாறவில்லை, வாசிப்பவர் மாறிவிட்டார்.

ஆங்கிலத்தில் ‘சீ’, ‘எச்’ என்னும் இரண்டு எழுத்துகளும் அடுத்தடுத்து வந்தால் பெரும்பாலும் ‘ச்’ என்ற ஒலி கிடைக்கும். இத்தாலிய மொழியிலோ அதே இரண்டு எழுத்துகளும் சேர்ந்தால் ‘க்’ என்றே ஒலிக்கும். எனவே அலுவலகச் சாளரத்துக்கு அப்பால் அமர்ந்திருக்கும் இத்தாலியர், கிளிநொச்சியைக் ‘கிலினோக்கி’ என வாசிக்கிறார். சாவகச்சேரி ‘காவகக்கேரி’ ஆகிறது. சுன்னாகம் ‘குன்னாக்காம்’ ஆகிறது. அவர் பிழை எதுவும் செய்யவில்லை. தமது மொழியின் விதியை ஒழுங்காகப் பின்பற்றுகிறார். கிளியும் நொச்சியும் இருந்த இடத்தில் இரண்டும் பறிபோய்விட்டன என்பது அவருக்குத் தெரிய வழியில்லை.

அலுவலர் எப்படி வாசித்தாலும் அதனால் பெரிய நட்டம் இல்லை. கவலைக்குரிய வாசகர் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார். பலெர்மோவில் பிறந்து, இத்தாலியப் பாடசாலையில் எழுத்தறிந்த பிள்ளைக்கு உரோமன் எழுத்து என்றாலே இத்தாலிய ஒலிதான். தாயின் பிறந்த ஊரை அந்தப் பிள்ளை முதன்முதலில் அறிந்துகொள்வது பாட்டியின் வாயிலிருந்து அன்று. ஏதோவொரு விண்ணப்பப் படிவத்தை நிரப்பும்போது அந்தக் கோப்பிலிருந்தே அறிந்துகொள்கிறது. இனிமேல் அந்தப் பிள்ளைக்கு அது ‘கிலினோக்கி’. தொலைபேசியில் அம்மம்மாவுடன் பேசும்போது அந்தப் பெயரைச் சொன்னால், மறுமுனையில் இருக்கும் முதியவர் தான் பிறந்து வாழ்ந்த ஊரைத்தான் பேரப்பிள்ளை சொல்கிறது என்பதை உணரமாட்டார். இத்தாலியில் உள்ள வேறோர் இடம் என்றே எண்ணிக்கொள்வார்.

இதற்கு நேர்மாறான காட்சியும் நாள்தோறும் நடைபெறுவதுதான். வேலைக்காகப் பார்த்தினீக்கோவுக்குப் போக வேண்டிய தந்தை, பேருந்துச் சாரதியிடம் ‘பார்த்தீனிக்கோ’ என்கிறார். சாரதி விழிக்கிறார். பக்கத்தில் நிற்கும் மகன் கூச்சத்துடன் தலையைக் குனிந்துகொண்டு, பிறகு சற்றே எரிச்சலுடன் திருத்திச் சொல்கிறான். முப்பது ஆண்டுகளாக இந்த மண்ணில் உழைத்தவர் ஓர் ஊரின் பெயரைக்கூடச் சரியாகச் சொல்லமாட்டாரா என்பது அவனுடைய எண்ணம். அம்மம்மாவின் ஊரை அவனும் இதே விதத்தில்தான் சிதைக்கிறான் என்பதை அவனுக்கு எடுத்துச் சொல்ல அங்கே ஒருவரும் இல்லை.

தந்தையின் இடறலுக்குக் காரணம் உண்டு. இத்தாலியச் சொற்களில் அழுத்தம் பெரும்பாலும் இறுதிக்கு முந்திய அசையில் விழும். ஆனால் இறுதிக்கு மூன்றாவது அசையில் விழும் சொற்களும் ஏராளம். இறுதி அசையிலேயே விழுந்தால் மட்டும் அதன்மேல் ஒரு கோடு இட்டுக் காட்டுவார்கள். செஃபலூ, பல்லரோ ஆகியவை அப்படிப்பட்டவை. மற்ற இடங்களில் எழுத்தில் எந்த அடையாளமும் இல்லை. பலெர்மோவைச் சுற்றியுள்ள ஊர்களையே எடுத்துக்கொண்டால், கரீனி, பார்த்தினீக்கோ ஆகியவற்றில் நடு அசை நீளும். ஆல்கமோ, காக்கமோ, தேர்மினி, த்ராப்பனி ஆகியவற்றில் முதல் அசை அழுத்தம் பெறும். எழுத்தைப் பார்த்து எவரும் இதைக் கண்டுபிடிக்க இயலாது. வடக்கு இத்தாலியிலிருந்து வருபவர்களும் பார்த்தினீக்கோவில் இடறுவது வழக்கம். ஆகவே தந்தை வெட்கப்பட வேண்டியதில்லை. மிலானோக்காரர் இடறும் இடத்தில்தான் அவரும் இடறியிருக்கிறார்.

இங்கே தமிழ் எழுத்துக்கு ஓர் அனுகூலம் இருப்பதைக் கவனிக்க வேண்டும். தமிழில் குறில், நெடில் என்ற வேறுபாடு எழுத்திலேயே உண்டு. இத்தாலியர் அழுத்திச் சொல்லும் அசையில், உயிரெழுத்துக்குப் பின் ஒற்றை மெய் வந்தால் அந்த உயிர் நீண்டு ஒலிக்கும். அதை நெடிலாக எழுதிவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. ஒற்று இரட்டிப்பதும் அப்படியே. ஆங்கிலேயருக்குக் ‘காக்கமோ’விலுள்ள ‘க்க’ வாயில் வராது. ‘பக்கம்’, ‘வெட்கம்’ என்று பேசிப் பழகிய தமிழருக்கு அது ஒரு பொருட்டே அன்று. பேருந்து நிலையத்தின் பெயர்ப்பட்டியலைத் தமிழெழுத்தில் ஒருமுறை எழுதி, அதைப் பிள்ளையிடம் கொடுத்துத் திருத்தச் சொன்னால், தந்தைக்குப் பிறகு வேறு ஆசிரியர் தேவைப்படாது.

ஆனால் ஊரார் தங்கள் ஊரை எழுத்தில் உள்ளபடி சொல்கிறார்களா என்பது அடுத்த கேள்வி. பலெர்மோவின் பழைய பகுதிகளில் வாழும் முதியவர்கள் தங்கள் நகரத்தைப் ‘பலெர்மோ’ என்று சொல்வதில்லை. ‘பலியெம்மு’ என்கிறார்கள். நடுவிலுள்ள ‘ர்’ கரைந்து, அடுத்துள்ள ‘ம’வை இரட்டிக்கச் செய்துவிடுகிறது. எழுதும்போது அந்த எழுத்து இருக்கும், பேசும்போது இருக்காது. இதைக் கேட்டு யாழ்ப்பாணத்தார் வியப்படைய மாட்டார்கள். அவர்களும் ‘யாழ்ப்பாணம்’ என்று எழுதிவிட்டு ‘யாப்பாணம்’ என்றே பேசுகிறார்கள். பெயருக்கே காரணம் எனச் சொல்லப்படும் யாழ், ஊராரின் பேச்சில் தன் ‘ழ்’ ஒலியை இழந்துவிட்டது. இரண்டு நகரத்தாரும் தங்கள் நகரின் பெயரிலிருந்து ஒவ்வொரு மெய்யெழுத்தை விழுங்கிவிட்டு, அதுதான் சரியான உச்சரிப்பு என்று நிம்மதியாக வாழ்கிறார்கள்.

இன்னும் ஒரு படி மேலே சென்று பார்க்கலாம். போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்துக்கு வந்தபோது ஏட்டைப் பார்த்துப் பெயரை எழுதவில்லை. காதால் கேட்டு எழுதினார்கள். அவர்கள் கேட்டது ‘யாப்பாணப் பட்டினம்’. அது அவர்கள் கையில் ‘ஜஃபனபட்டாம்’ என்ற தோற்றத்தைப் பெற்று, ஒல்லாந்தர் வழியாகவும் ஆங்கிலேயர் வழியாகவும் சுருங்கி ‘ஜஃப்னா’ ஆயிற்று. அந்நியர் சிதைத்த பெயர் என்று வழக்கமாகக் குறைகூறப்படும் அந்தச் சொல்லில்தான், பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே ஊரார் ‘ழ்’ இல்லாமல் பேசினார்கள் என்ற சான்று பதிந்து கிடக்கிறது. வேடிக்கை என்னவென்றால், இத்தாலிய மொழியின் பழைய வழக்கில் ‘ஜே’ என்ற எழுத்துக்கு ‘ய’ என்ற ஒலிதான். ‘யுவெந்துஸ்’ உதைபந்தாட்டக் கழகத்தின் பெயரை இளையோர் எப்படிச் சொல்கிறார்களோ அப்படி. அந்த விதிப்படி ஓர் இத்தாலியர் வாசித்தால் ‘யாஃப்னா’ என்பார். ஆங்கிலேயரைக் காட்டிலும் அவர் யாழ்ப்பாணத்துக்கு அருகில் வந்துவிடுகிறார்.

அதே ‘ஜே’ பலெர்மோவுக்குத் தெற்கேயுள்ள ஓர் ஊரின் பெயரிலும் உண்டு. மெத்ஸொயூஸோ என்பது அந்த ஊர். 9ஆம் நூற்றாண்டிலிருந்து 11ஆம் நூற்றாண்டு வரை சிசிலியை அரபு முஸ்லிம்கள் ஆண்டார்கள். அக்காலத்தில் அந்த ஊருக்கு ‘மன்ஸில் யூசுப்’, அதாவது யூசுப்பின் தங்குமிடம் என்று பெயர். பலெர்மோவுக்கு அருகிலுள்ள மிசில்மேரி, ‘மன்ஸில் அல்-அமீர்’ என்பதிலிருந்து வந்தது. தமிழ் முஸ்லிம்களின் வீட்டு வாசல்களில் இன்றும் ‘மன்ஸில்’ என்ற சொல்லைக் காணலாம். நகரத்துக்குள்ளேயே ஸீஸா அரண்மனை ‘அல்-அஸீஸா’விலிருந்தும், கல்ஸா பகுதி ‘அல்-காலிஸா’விலிருந்தும் வந்தவை. பலெர்மோ என்ற பெயரும் கிரேக்கரின் ‘பனோர்மோஸ்’ என்பதிலிருந்து அரபுகளின் ‘பலர்ம்’ வழியாக வந்ததுதான். கிரேக்கப் பெயரின் பொருள், முழுவதும் துறைமுகம் என்பதாகும். அதற்கும் முன்னர் பினீசியர் தம் நாணயங்களில் ‘ஸிஸ்’ என்று பொறித்திருந்தனர். ஆண்டவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். ஒவ்வொருவரின் நாக்கும் பெயரில் சிறிது ஒட்டிக்கொண்டது.

தமிழர் பலர் காய்கறி வாங்கும் பல்லரோ சந்தையின் பெயரை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். 10ஆம் நூற்றாண்டில் பலெர்மோவுக்கு வந்த அரபுப் பயணி இப்னு ஹவ்கல், அருகே பல்ஹரா என்றோர் ஊர் இருந்ததைக் குறிப்பிடுகிறார். அவ்வூர் வணிகர் கூடிய சந்தை என்பதால் இப்பெயர் வந்தது என்பது ஒரு கருத்து. இன்னொரு கருத்தும் உண்டு. ‘பல்ஹரா’ என்பது அரபு எழுத்தாளர்கள் தக்காணத்து இராட்டிரகூட மன்னர்களுக்கு வழங்கிய பட்டம். ‘வல்லபராஜ’ என்பதை அவர்கள் காது அப்படிக் கேட்டது. அந்த நாட்டிலிருந்து வந்த வாசனைத் திரவியங்கள் விற்கப்பட்டதால் சந்தைக்கு அப்பெயர் அமைந்தது என்கிறார்கள். 949ஆம் ஆண்டு தக்கோலத்தில் சோழ இளவரசன் இராசாதித்தனை வீழ்த்திய மூன்றாம் கிருஷ்ணனும் அந்த மரபினனே. எந்தக் கருத்துச் சரியானது என்பதை அறிஞர்கள் முடிவு செய்யட்டும். கத்தரிக்காய் வாங்கப் போகும் தமிழர், ‘பல்லாரோ’ என்று நடுவை நீட்டாமல், ‘பல்லரோ’ என்று இறுதியை அழுத்திச் சொன்னால் போதுமானது.

ஊராரின் வாயைக் கேளாமல் எழுத்தை மட்டும் நம்பியவர்கள் இல்லாத மனிதர்களையும் உருவாக்கிவிடுவார்கள். சிசிலியின் நடுவே மலைமேல் உள்ள என்னா நகரை உரோமர் ‘கஸ்த்ரும் ஹென்னே’ என்றனர். அரபுகள் அதைக் ‘கஸ்ர் யானி’ என்றனர். பின்னர் வந்தவர்களுக்கு ‘யானி’ என்பது ‘ஜொவான்னி’, அதாவது யோவான் என்று கேட்டது. விளைவாக அந்த நகரம் பல நூற்றாண்டுகள் ‘கஸ்த்ரொஜொவான்னி’, யோவானின் கோட்டை என்றே வழங்கிற்று. அங்கே யோவான் என்று ஒருவரும் கோட்டை கட்டவில்லை. 1927இல்தான் என்னா என்ற பெயர் மீட்கப்பட்டது. பருத்தித்துறைக்கு நேர்ந்ததும் இதுவே. போர்த்துக்கேயர் அந்த முனையைக் ‘கற்களின் முனை’ என்ற பொருளில் ‘பொந்தா தாஸ் பெத்ராஸ்’ என்றனர். அது பிறர் வாயில் உருண்டு ‘பொயின்ற் பேதுரு’ ஆயிற்று. பேதுரு என்று எவரும் அங்கே இருந்ததில்லை. கல் மட்டுமே இருந்தது. ஊரார் அந்தக் குழப்பம் எதிலும் சிக்காமல் பருத்தித்துறை என்றே சொல்லி வந்தார்கள்.

1927இல் நடந்த பெயர்மாற்றம் எல்லோருக்கும் உவப்பாக அமையவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அதே ஆண்டில் முசோலினியின் ஆட்சி ‘ஜிர்ஜேந்தி’ என்ற நகரை, பழைய உரோமப் பெருமையை நினைவூட்டும்படி ‘அக்ரிஜேந்தோ’ ஆக்கிற்று. ஊராரின் நாவில் இருந்தது ஜிர்ஜேந்தி. 2016இல் நகரின் பழைய நடுப்பகுதிக்கு அந்தப் பெயர் மீண்டும் வழங்கப்பட்டது. ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் அதை உயிருடன் வைத்திருந்தவை ஊராரின் வாய்கள். மணலாறு ‘வெலிஓயா’ என்று சிங்களத்தில் மொழிபெயர்க்கப்பட்டதை அறிந்தவர்களுக்கு இதை மேலும் விளக்க வேண்டியதில்லை. அந்தப் பெயரைத் தமிழில் சொல்லும் வாய்கள் எத்தனை எஞ்சியிருக்கின்றன என்பதே அங்கும் கேள்வி.

எழுத்துக்கூட்டலை மாற்றிவிட்டால் சிக்கல் தீராதா என்று பொறியியல் படித்தவர்கள் கேட்கக்கூடும். தமிழ்நாட்டில் அதுவும் முயன்று பார்க்கப்பட்டது. 2020ஆம் ஆண்டு யூன் மாதம், 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றும் அரசாணையைத் தமிழ்நாடு அரசு வெளியிட்டது. நோக்கம் நல்லதே. ஆனால் புதிய எழுத்துக்கூட்டல்கள் பெருங் கேலிக்கும் மறுப்புக்கும் உள்ளாகின. சில நாட்களிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்குப் பல ஒலிகள் உண்டு. தமிழிலுள்ள ‘ழ’, ‘ள’, ‘ண’ ஆகியவற்றுக்கோ அதில் எழுத்தே இல்லை. இத்தகைய இரண்டு அமைப்புகளுக்கிடையே எப்படி மாற்றினாலும் வழியில் ஏதோவொன்று உதிரும். பழைய தமிழ் எழுத்துருக்களில் அமைந்த கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றிப் பார்த்தவர்களுக்கு இந்த வேதனை தெரியும். மேலும் ஊரார் எழுத்துக்குக் கட்டுப்படுவதும் இல்லை. சென்னைக்கு அருகே ‘பூவிருந்தவல்லி’ என்று எழுதப்படும் ஊருக்கு வழிகேட்டால் ‘பூந்தமல்லி’க்குத்தான் வழிகாட்டுவார்கள். ‘ஊர்காவற்றுறை’ என்று எழுதப்படும் தீவகத் துறை, ஊராரின் வாயில் ‘ஊராத்துறை’.

இத்தாலியர் ஒருவருக்குத் தமிழர் செய்த பிழையையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். வீரமாமுனிவரின் இயற்பெயரில் ‘எஸ்’, ‘சீ’, ‘எச்’, ‘ஐ’ என்று எழுத்துகள் வருகின்றன. இத்தாலிய விதிப்படி அது ‘பெஸ்கி’. ஆங்கில எழுத்தறிந்த தமிழர் பலர் அதைப் ‘பெஸ்சி’ என்று வாசித்தனர். கிளிநொச்சியைக் கெடுத்த அதே இரண்டு எழுத்துகள், இங்கே எதிர்த்திசையில் வேலை செய்திருக்கின்றன. எகரத்தையும் ஏகாரத்தையும் பார்த்தவுடனே வேறுபடுத்தும்படி தமிழெழுத்தைத் திருத்தியவர் என்று போற்றப்படும் மனிதருக்கே இந்த நிலை.

சிசிலியரின் பேச்சில் தமிழ்ப் பிள்ளைகளுக்கென்றே காத்திருக்கும் ஓர் ஒலியும் உண்டு. இத்தாலியப் பொதுமொழியில் இரட்டித்த ‘ல்ல’ வரும் பல சொற்களில் சிசிலியர் நாக்கை மேலண்ணத்துக்கு வளைத்து, ‘வண்டு’, ‘கண்டு’ என்பவற்றில் ‘ட’ ஒலிப்பதுபோல், அதை இரட்டித்துச் சொல்கிறார்கள். பலெர்மோவைக் காவல் காக்கும் மலையின் பெயர் இத்தாலிய மொழியில் ‘மொந்தே பெல்லெக்ரீனோ’. சிசிலிய மொழியில் ‘முந்தி பிட்டிரீனு’. எரிமலையான எட்னாவுக்கு அவர்கள் வழங்கும் பெயர் ‘முஞ்சிபெட்டு’. அதில் இலத்தீனின் மலையும் அரபின் மலையும் சேர்ந்து இரட்டை மலையாக நிற்கின்றன. மிலானோவிலிருந்தும் தொறீனோவிலிருந்தும் வருபவர்களின் நாக்கு இந்த ‘ட்ட’வுக்கு வளையாது. தமிழ்ப் பிள்ளைகளுக்கு அது தாய்ப்பாலோடு வந்தது. ஒவ்வோர் ஆண்டும் செப்டெம்பர் 3ஆம் நாள் இரவு, புனித ரொசாலியாவின் குகைக் கோயிலுக்கு மக்கள் அந்த மலையேறுகிறார்கள். 1624ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்க் காலத்தில் அவரது எலும்புகள் கண்டெடுக்கப்பட்ட இடம் அது. மடு மாதாவை வணங்கிப் பழகிய தமிழர்கள், கத்தோலிக்கர் சைவர் என்ற வேறுபாடு பாராமல், அங்கே செல்வது பலெர்மோ முழுவதும் அறிந்த செய்தி. அந்த ஏற்றத்தைச் சிசிலியர் ‘அக்கியநாத்தா’ என்பர். பாதையில் பக்கத்தில் நடக்கும் சிசிலிய மூதாட்டியிடம் மலையின் பெயரை அவருடைய மொழியில் சொல்லிப் பார்க்கும் இளையோர், அவர் முகம் மாறுவதைக் காணலாம்.

ஊராரின் உச்சரிப்பு சில இடங்களில் திரைப்படத் தலைப்பாகவும் உயர்ந்திருக்கிறது. பகேரீயா என்ற ஊரில் பிறந்த இயக்குநர் ஜுஸெப்பே தொர்னத்தோரே, 2009இல் தம் ஊரைப் பற்றி எடுத்த படத்துக்குப் ‘பாரீயா’ என்று பெயரிட்டார். ஊரார் நடுவிலுள்ள ‘க’வை விழுங்கிச் சொல்லும் விதம் அது. உலகமெங்கும் அந்த விழுங்கிய பெயரே சுவரொட்டிகளில் ஒட்டப்பட்டது.

அவருடைய முந்திய படமான ‘சினிமா பரதீஸோ’வின் சதுக்கக் காட்சிகள் பலாத்ஸோ அத்ரியானோ என்ற ஊரில் எடுக்கப்பட்டவை. அந்த ஊரின் வரலாறு புலம்பெயர்ந்த பெற்றோர் அறியவேண்டிய ஒன்று. அல்பேனியாவின் வீரத் தலைவர் ஸ்கந்தர்பெக் 1468இல் இறந்த பின்னர், ஒட்டோமான் படைகளுக்கு அஞ்சிக் கடல்கடந்த அல்பேனியர் பலர் தெற்கு இத்தாலியிலும் சிசிலியிலும் குடியேறினர். அவர்களின் வழித்தோன்றல்கள் ‘அர்பரெஷ்’ எனப்படுவர். பலாத்ஸோ அத்ரியானோ, முன்னர் சொன்ன மெத்ஸொயூஸோ, பலெர்மோவிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீற்றர் தொலைவிலுள்ள பியானா தெல்யி அல்பனேஸி ஆகிய மூன்றும் அவர்கள் வாழ்ந்த ஊர்கள். மூன்று ஊர்களிலும் கிழக்குத் திருச்சபையின் வழிபாட்டு முறை இன்றும் உள்ளது. ஆனால் மொழி பியானாவில் மட்டுமே எஞ்சியது. மற்ற இரண்டு ஊர்களிலும் அது பேச்சிலிருந்து மறைந்துவிட்டது. கோயிலும் திருவிழாவும் உடையும் இருந்தும் மொழி போயிற்று என்பதைக் கோயில் திருவிழாக்களை மட்டும் நம்பியிருப்போர் சற்று நின்று பார்க்க வேண்டும்.

பியானாவின் பெயரே ஒரு பாடம். வழிபாட்டு முறையைக் கண்ட சிசிலியர், அங்கே வாழ்பவர்களைக் கிரேக்கர் என்று எண்ணி, ஊரைப் ‘பியானா தெய் கிரேச்சி’, கிரேக்கரின் சமவெளி என்று அழைத்தனர். அந்தப் பிழை 1941 வரை அரசாங்கப் பெயராகவே நீடித்தது. சிசிலியப் பேச்சில் ‘பியானா’ என்பது ‘கியானா’ என்றும் திரிந்தது. இத்தனைக்கும் நடுவே, 1488 அளவில் அங்கே குடியேறியவர்களின் வழித்தோன்றல்கள் தங்கள் ஊரை ‘ஹோரா’ என்றே சொல்லி வந்திருக்கிறார்கள். முழுப்பெயர் ‘ஹோரா எ அர்பரெஷ்வெத்’. 1999ஆம் ஆண்டின் 482ஆம் இலக்கச் சட்டம் அல்பேனிய மொழியையும் இத்தாலியின் பாதுகாக்கப்பட்ட சிறுபான்மை மொழிகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. இப்போது அந்த ஊரின் பெயர்ப்பலகைகளில் இரண்டு மொழிகளும் உள்ளன. சட்டம் வந்த பிறகு பெயரைத் தேடியிருந்தால் அங்கே எழுத ஒன்றும் இருந்திராது. ஐந்நூறு ஆண்டுகள் பிள்ளைகளிடம் ‘ஹோரா’ என்று சொன்னவர்கள் இருந்ததால் பலகைக்குப் பெயர் கிடைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அழைத்துச் சென்று அந்தப் பலகையைக் காட்டுவது பயனுள்ள பயணம். அங்கே கிடைக்கும் கன்னோலியும் பெயர்பெற்றது என்பதைப் பிள்ளைகளுக்காகச் சேர்த்துச் சொல்லலாம்.

செய்யவேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. அலுமாரிக் கோப்பிலுள்ள ஆவணத்தில் திருத்தம் செய்ய இயலாது. முயலவும் வேண்டாம், எழுத்து மாறினால் ஆவணங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் வேறு தொல்லைகள் வரும். மாறாக, அந்தக் கோப்பின் முதல் பக்கத்தில் தாயின் ஊர், தந்தையின் ஊர் ஆகியவற்றைத் தமிழெழுத்தில் எழுதிய ஒரு தாளை வைக்கலாம். ‘ள’வும் ‘ச்ச’வும் அதில் உதிராமல் இருக்கும். ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்னும் கட்டற்ற வரைபடத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் தமிழ்ப் பெயரைத் தனியாகப் பதியும் வசதி இருக்கிறது. கணினியில் தமிழ் எழுதத் தெரிந்த எவரும் அதில் பங்களிக்க முடியும். இளையோருக்கு இது பெற்றோரை விடவும் எளிது.

ஆயினும் எழுத்தைவிடக் குரல்தான் முதலில் தேவை. கிளிநொச்சியும் சாவகச்சேரியும் வரைபடத்தில் எப்படியும் இருக்கும். வரைபடத்தில் இல்லாதவை குறிச்சிகளின் பெயர்கள், குளங்களின் பெயர்கள், ஒழுங்கைகளின் பெயர்கள், ஒரு பனங்கூடலுக்கோ ஒரு வயல் துண்டுக்கோ அந்த வீட்டார் மட்டும் வழங்கிய பெயர்கள். அவற்றை அறிந்தவர்கள் எழுபதும் எண்பதும் கடந்தவர்கள். வார இறுதியில் அம்மம்மாவுடன் பேசும்போது, பிள்ளை தன் கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவை இயக்கிவிட்டு, வீட்டிலிருந்து கோயிலுக்குப் போகும் வழியைச் சொல்லும்படி கேட்கலாம். வழி சொல்லும்போது பெயர்கள் தாமாக வந்துவிடும். பட்டியல் கேட்டால் முதியவர்களுக்கு ஒன்றும் நினைவுக்கு வராது.

பதிவைக் கேட்டுப் பிள்ளை திரும்பச் சொல்லும்போது முதலில் பிழை வரும். அப்போது பெற்றோர் சிரிக்காமலும் கடிந்துகொள்ளாமலும் இருப்பது நல்லது. ‘கிளி’யை முதலில் சொல்லவைத்து, ‘ள’ வந்த பின்னர் ‘நொச்சி’க்குப் போகலாம். பிள்ளையும் அதே பொறுமையோடு தந்தைக்குத் த்ராப்பனியையும் பார்த்தினீக்கோவையும் சொல்லிக் கொடுக்கலாம். அடுத்த முறை பேருந்தில் ஏறும்போது, சாரதியிடம் பயணச்சீட்டுக் கேட்கும் பொறுப்பு தந்தையிடமே இருக்கட்டும்; மகன் பக்கத்தில் நின்றால் போதும்.